வெயில் வேண்டாத செடி

ஈஸியா வளருமாம். அதத்தாம்மா சொல்றேன். நீங்க இப்ப, செடியெல்லாம் நல்லா இருக்கேன்னு சொன்னீங்கல்ல, அதுக்குத்தான் சொல்றேன். வாசல்ல நின்னு பாக்குறவங்களுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். வெச்சுப் பாத்தவளுக்குல்ல தெரியும் அருமை... உள்ள வாங்கம்மா. செருப்பு அங்கயே கிடக்கட்டும். பாத்து, பாத்து, அங்க ஒரு படி இருக்கு. இருங்க, லைட்டப் போடுறேன். என்னடா இது, காலைல பத்து மணிக்கு லைட்டான்னு பாக்காதீங்க. பழகிடும்.

புரோக்கர் பிச்சமுத்து சொன்னாரு, லால்குடிப் பொண்ணு, கல்யாணமாயி ரெண்டு பேருக்கும் டவுன்ல வேலை, நல்ல மாதிரி, வீட்டக் காட்டுங்கக்கான்னு. காட்டுறதுக்கு என்ன... இதான் ஹாலு. அந்தப் பக்கம் அடுப்படி. பின்னாடி ஒரு ரூம்பு. முன்பக்கம் நானும் எங்க வீட்டுக்காரரும் இருக்கோம், இந்தப் பின்பக்கம்தான் வாடகைக்கு. தண்ணிக்குப் பஞ்சமே இல்ல. கோயிலுக்கு நடந்தே போயிடலாம். வீட்டப் பத்தி யாரும் ஒரு குறை சொல்லிட முடியாது. குறையெல்லாம் இந்தச் செடிங்களோடதுதான்.

கேளுங்க. முன்னாடி இங்க கலைமதின்னு ஒரு டீச்சரம்மா குடியிருந்துச்சு. தங்கமான பொண்ணு. திடீர்னு ஒரு நாள் காலி பண்றோம்ங்குது. ஏம்மான்னு கேட்டா, புள்ளைக்குச் சளி விடவே மாட்டேங்குது, வீடு சில்லுன்னு இருக்குங்குது. நான் கேக்குறேன், திருச்சி வெயிலுக்கு ஊரே ஏசி மாட்டிக்கிட்டுத் திரியிது, எங்க வீடு சும்மாவே சில்லுன்னு இருக்குன்னா அது குறையா? சொல்லுங்க. துணி காய மாட்டேங்குதுன்னு வேற ஒரு புகாரு. துணின்னா ஒரு நாள்ல காயாது, ரெண்டு நாள்ல காயும். என்ன அவசரம்.

அதுக்கப்புறம் வர்றவங்கல்லாம் இதோ, நீங்க நிக்கிறீங்கல்ல, இதே எடத்துல நின்னு எட்டிப் பாப்பாங்க. போன் பண்றோங்கன்னு போவாங்க. போன் வராது. பிச்சமுத்துதான் சொன்னாரு, "அக்கா, வீடு அழுது வடியுது, நாலு செடி வெச்சீங்கன்னா களை கட்டிடும்"னு. சரின்னு மருமககிட்ட சொன்னேன். கனிஷ்கான்னு பேரு. சென்னையில இருக்காங்க. "அத்தை, அதுக்குன்னே செடி இருக்கு. வெயிலே வேணாம், வாரத்துக்கு ஒருவாட்டி தண்ணி ஊத்துனா போதும், தன்னால வளரும்"னா. அவ சொல்லுவா. அவ இதுவரைக்கும் வளத்தது நகம் மட்டும்தான்.

ஆன்லைன்ல போட்டு அனுப்பிவிட்டா. அட்டப்பெட்டிக்குள்ள செடி வருது பாருங்க! என்னமோ பீஸ் லில்லியாம். அமைதியக் குடுக்குமாம். அது வந்த அன்னைலேருந்து எனக்கு அமைதியே போச்சு. காலைல நல்லா நிக்கும். மத்தியானம் பாத்தா தலையத் தொங்கப் போட்டுக்கும். பதறிப்போயி தண்ணி ஊத்துனா நிமிரும். மறுபடியும் தொங்கும். கோவிச்சுக்கிட்டே விருந்துக்கு வந்த நாத்தனா கணக்கா... தாங்கித் தாங்கிப் பாத்தேன். ஒரு நாள் மொத்தமா மஞ்சளாகி, படுத்தது படுத்ததுதான்.

மணி பிளான்ட்ட வாங்கி வெக்கக்கூடாது, திருடி வெச்சாத்தான் வரும்னு சொல்லுவாங்கல்ல? பக்கத்துத் தெரு லூர்துராணி வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனப்ப ஒரு கொடியக் கிள்ளி முந்தானைல சுருட்டிக்கிட்டு வந்தேன். இந்த வயசுல எனக்குத் தேவையா இது? அவ வீட்டுல ஜன்னல் தெரியாம படந்து நிக்குது. எங்க வீட்டுக்கு வந்து வெளுத்து, இலையெல்லாம் சுண்டைக்காய் சைஸ் ஆகிப்போச்சு. திருட்டுச் சொத்து நிக்குமான்னு இவரு கேக்குறாரு. இவரு இருக்காரு பாருங்க...

அப்புறம் திருவெள்ளறை போற ரோட்டுல ஒரு நர்சரி. அங்க ஒருத்தன், "இத வாங்கிட்டுப் போங்கம்மா, ஸ்நேக் பிளான்ட்டு, இதக் கொல்லவே முடியாது"ன்னான். இவரு சும்மா இருக்க வேண்டியதுதான? "அப்படிச் சொல்லாதப்பா, இவகிட்டக் குடுத்துப் பாரு"ங்குறாரு, அத்தன பேரு முன்னாடி. அந்த ரோஷத்துலயே வாங்கிட்டு வந்தேன். நல்லா கவனிச்சேம்மா. அரிசி களைஞ்ச தண்ணி, பருப்பு களைஞ்ச தண்ணி, ஒண்ணு விடாம ஊத்துனேன். மனுஷங்களுக்கு நல்லதுன்னா செடிக்கு ஆகாதா? அடியில கொழகொழன்னு போயி, தொட்டா கையோட வந்துடுச்சு. நாத்தம் வேற. கொல்லவே முடியாதாமே!

வெயில் காட்டலாம்னு ஒரு செடிய வாசல்ல கொண்டு போயி வெச்சேன். உள்ள போயி அடுப்ப அணைச்சுட்டு வர்றதுக்குள்ள மாடு தின்னுருச்சு. நம்ம ஸ்ரீரங்கத்து மாடுங்களப் பத்தித்தான் தெரியுமே, அதுங்க தெருவுலதான நாம குடியிருக்கோம். பசு சாப்பிட்டா புண்ணியம்னாரு இவரு. தொட்டியையும் ஒடைச்சுட்டுப் போச்சே, அது யாரு புண்ணியம்?

மறுபடி நர்சரிக்குப் போயி சண்ட போட்டேன். அவன் என்னயவே கேக்குறான், "ஏம்மா, உங்க வீட்டுல வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வருது"ன்னு. டியூப் லைட்டுலேருந்துதான்னேன். சிரிக்கிறான். இதுல சிரிக்க என்ன இருக்கு?

மேல பாருங்க. அந்தச் சதுரம் மட்டும் வேற கலர்ல தெரியுதுல்ல... அதான் வீட்டு நடுவுல இருந்த முத்தம். வானம் தெரியும் முன்னாடி. மழை பேஞ்சா இங்க நின்னு கையில புடிக்கலாம். மூடிட்டோம். மூடிட்டோம் என்ன, நான்தான் மூடச் சொன்னேன். இவரு வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டாரு. எம்புள்ள இளவரசனுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு, மேல தனியா ஒரு போர்ஷன் கட்டிக் குடுத்தா புள்ள நம்மளோடயே இருப்பான்னு பாத்தேன். ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரு, ஜன்னலுக்கு வழியில்ல, முத்தத்தையும் மூடுனா எப்படின்னு இவரு கேட்டாரு. உங்களுக்கு வெளிச்சம் பெருசா, புள்ள பெருசான்னு கேட்டேன். மறுநாளே கொத்தனாரக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு.

ஒரு தீபாவளிதாம்மா இருந்தாங்க மேல. வேலை மாத்திக்கிட்டு சென்னைக்குப் போயிட்டாங்க. அவனக் குத்தம் சொல்ல மாட்டேன், சம்பளம் அங்கதான. மேல பூட்டியே கிடக்கு. அத வாடகைக்கு விடலாம்னா, நாளைக்கு அவன் வந்தா எங்க தங்குவான்? அதான் கீழ...

இந்தச் செடியா? இதுங்க எப்படி இவ்வளவு பச்சையா இருக்குன்னா கேக்குறீங்க? நல்லாக் கேட்டீங்க. இதுங்க இங்க இருக்குற செடியே இல்லம்மா. மொட்டமாடியில நிக்கும். வீடு பாக்க ஆள் வருதுன்னு பிச்சமுத்து போன் பண்ணுனா, இவருதான் ஒவ்வொரு தொட்டியா எறக்கிட்டு வந்து வெப்பாரு. ஆளு போனதும் திரும்ப மேல. ஒரு நாள் மறந்துபோயி கீழயே விட்டுட்டோம், மறுநாளே மூஞ்சியச் சுருக்கிக்கிச்சு...

அட, கரண்ட்டு போச்சா. நகராதீங்க, நகராதீங்க, காலடியில தொட்டி இருக்கும். எனக்குக் கண்ண மூடிக்கிட்டு நடந்து பழக்கம், உங்களுக்குப் புதுசுல்ல. இப்ப வந்துரும்.

இருட்டுல சொல்றதுக்கு என்னம்மா, நெசத்தச் சொல்றேன். வாடகையெல்லாம் பாத்துக் குடுங்க, எனக்கு அது பெருசு இல்ல. இவரு விடிஞ்சா காவிரிக்கரையில அம்மா மண்டபத்துக்குப் போயி உக்காந்துடுறாரு. சோத்துக்கும், இந்தத் தொட்டிய எறக்கி ஏத்தவும்தான் வர்றாரு. கேட்டா, பேப்பர் படிக்க அங்கதான் வெளிச்சமா இருக்காம். நான் யாருகிட்டப் பேசுறது? அந்த டீச்சரம்மா இருந்தப்ப அடுப்படியில பாத்திரம் உருட்டுற சத்தம் கேக்கும், அந்தப் புள்ள வாய்ப்பாடு சொல்லும்... இப்ப பயமா இருக்கும்மா. வீடு பயமா இருக்கு. நீங்க வந்தீங்கன்னா, ஒரு குழம்பு வெச்சா ஒரு கிண்ணம் குடுத்துக்கலாம்...

ம்மா? சத்தத்தையே காணோம்... ஏம்மா?

யாரு, நீங்களா? டார்ச்ச மூஞ்சியில அடிக்காதீங்க. அந்தப் பொண்ணு எங்க? எப்பப் போச்சு? நான் இங்க பேசிக்கிட்டு இருக்கேன்... செருப்பக் கையில எடுத்துக்கிட்டா? போன் பண்றேன்னு சொல்லுச்சாக்கும். பண்ணும், பண்ணும்.

நான் என்ன சொன்னேன் இப்ப? செடியத்தான திட்டுனேன். வீட்டப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருப்பேனா? சிரிக்காதீங்க. உங்களத்தான், சிரிக்காதீங்க.

என்னது, சாயங்காலம் இன்னொருத்தர் வர்றாங்களா? பிச்சமுத்து சொன்னாரா? சரி, அப்ப தொட்டிய மேல தூக்காதீங்க, இடுப்பு புடிச்சுக்கும். இங்கயே கிடக்கட்டும். சாயங்காலம் வரைக்கும் இருட்டுல இருந்தா ஒண்ணும் செத்துடாது. நாம இருக்கோம்ல.