கத்திரிக்காயும் கடிகார வெளிச்சமும்

கைக்கடிகாரம் என்றால் மணி பார்க்கத்தான் என்று போன ஈஸ்டர் வரைக்கும் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், ஐயா. உங்கள் கையில் இருப்பதும் போனோடு சேர்ந்த வகைதான் போலிருக்கிறது. வெளிச்சத்தை இவ்வளவு ஏற்றி வைத்திருக்கிறீர்களே, சார்ஜ் சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காது. பாதிக்குக் கீழே இறக்கி வையுங்கள், கண்ணுக்கும் நல்லது.

என் பெயர் ஸ்பாஸ்கா. நைடென் என் கணவர். கணவராக இருந்தார் என்று சொல்லவேண்டும், வாய்க்கு இன்னும் பழகவில்லை. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குளிர் விடுகிற நேரத்தில் ஒருநாள் ஒரு பானை பீன்ஸைத் தனியாகக் காலி செய்துவிட்டு நெஞ்சை அடைக்கிறது என்றார். வாயுதான். ஆனால் எங்கள் மகள் தெமெனூஷ்கா ஜெர்மனியில் இருக்கிறாள். தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாயுவும் மாரடைப்பாகத்தான் காதில் விழும். ஈஸ்டருக்கு வந்தபோது அவளும் அவள் கணவர் யோர்க்கும் நெஞ்சுத் துடிப்பைப் பார்த்துக்கொள்ளும் கடிகாரம் என்று ஒன்றைக் கொண்டுவந்து நைடென் கையில் கட்டினார்கள். நைடெனிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன். அதனால் கடிகாரத்துக்கான செயலியை யோர்க் என் போனில் போட்டுக் கொடுத்தார். அதிர்வைக் கூட்டலாம், குறைக்கலாம். திரையின் வெளிச்சத்தையும் அப்படியே. "இனிமே எல்லாம் உங்க கையிலதாம்மா" என்று மகள் சொன்னாள். நான் அதைப் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

யோர்க் அதிர்வை உச்சத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். முதல் தடவை அது உதறியபோது நைடென் சூப்புக் கிண்ணத்துக்குள்ளேயே கரண்டியைப் போட்டுவிட்டார். "ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்க, எழுந்து நில்லுங்கன்னு சொல்லுது" என்று படித்துக் காட்டினேன். உடனே எழுந்து நின்றார். அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பது வருடமாக அந்த நாற்காலியிலிருந்து அவரை எழுப்ப நான் கத்தாத கத்தலில்லை. இதற்கு எழுந்துவிட்டார். அதற்கப்புறம் எங்கே உதறினாலும் எழுந்து நிற்பார். முடிதிருத்தும் கடையில் கத்தி கன்னத்தில் இருக்கும்போதே எழுந்து காதில் வெட்டு வாங்கிக்கொண்டு வந்தார். "கொஞ்சம் குறைச்சு வையேன், ஸ்பாஸ்கா, எலும்பு வரைக்கும் ஏறுது" என்று கெஞ்சினார். குறைக்கத்தான் இருந்தேன். வேலை சரியாக இருந்தது, மறந்துபோனேன்.

அடுத்த வீட்டு ருமியானாவைப் பற்றிக் கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். அவள் புருஷன் இறந்த வருடம் அவளுக்கு உதவியாக நைடெனை அனுப்பியதே நான்தான். செப்டம்பரில் எங்கள் தெருவில் எந்த முற்றத்தைப் பார்த்தாலும் அண்டாவில் லூதெனித்சா கொதிக்கும். சிவப்பு மிளகாயையும் தக்காளியையும் சுண்டச் சுண்டக் கிளறவேண்டிய தொக்கு அது, கிளற ஒரு ஆள் வேண்டும். எங்கள் அண்டாவைக் கிளறிவிட்டு வேலி இடுக்கு வழியாக அவள் அண்டாவுக்குப் போவார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவள் லூதெனித்சாவில் கத்திரிக்காய் போடுகிறவள். ஊரில் பாதிப் பேர் போடுகிறார்கள், அளவு கூடும் என்பதற்காக. போடாத வீட்டில் பிறந்து போடாத வீட்டில் சமைத்தவள் நான்.

இந்த செப்டம்பரில் ஒருநாள் நைடென் மீசையில் சிவப்போடு திரும்பி வந்தார். அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னார்.

"அவ கொஞ்சம் கத்திரிக்கா சேக்கறா, ஸ்பாஸ்கா. வழுவழுன்னு இறங்குது. நீயும் ஒரு தடவ போட்டுத்தான் பாரேன்."

நான் கழுவிக்கொண்டிருந்த ஜாடிகளைக் கழுவி முடித்தேன்.

மறுநாள் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தச் செயலியில் ஒரு பொத்தான் உண்டு. கடிகாரம் காணாமல் போனால் தேடுவதற்காக. தொட்டால் நிறுத்தும் வரைக்கும் உதறிக்கொண்டே இருக்கும். தொட்டேன். நைடென் கையிலிருந்த துடுப்பு அண்டாவுக்குள் விழுந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் சுண்ணாம்பாக வெளுத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"அங்க போனதும் கிடுகிடுன்னு உதறிடுச்சு. நெஞ்சுல என்னமோ இருக்கு."

"உன் நெஞ்சு எதுக்கு உதறுதுன்னு உனக்குத்தானே தெரியும், கிழவா" என்றேன். அதில் பொய் ஒரு வார்த்தை இல்லை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் அங்கே போவதை நிறுத்திக்கொண்டார். நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு வசதி கைக்கு வந்துவிட்டால் அதை அலமாரியில் வைத்துப் பூட்டுகிற குணம் எனக்கில்லை. இரண்டாவது கோப்பை ரக்கியாச் சாராயத்தை ஊற்றினால் தொடுவேன். செருப்போடு விரிப்பில் நடந்தால் தொடுவேன். வெள்ளிக்கிழமை ஊர் மன்றத்துப் பாட்டுக் குழுவுக்குக் கிளம்புவார், அங்கே அவர்தான் அடிக்குரல். வாசற்படி இறங்கும்போது தொடுவேன். ருமியானாவும் அந்தக் குழுவில்தான் பாடுகிறாள். நைடென் ஒவ்வொன்றாக விட்டார். குடியை விட்டார், சீட்டாட்டத்தை விட்டார், விசிலடிப்பதை விட்டார். சிரிப்பு வந்தால்கூட முதலில் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்வார். வீடு அமைதியானது. எங்களுக்குக் கல்யாணமாகி இவ்வளவு நல்ல மாதம் இருந்ததில்லை என்று மகளிடம் போனில் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன்.

வெளிச்சம் மட்டும் தற்செயலாக நடந்தது. அதிர்வைத் தேடும்போது என் விரல் நழுவி வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டது. அடுத்த நொடி முற்றத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"ஸ்பாஸ்கா, இங்க வா. மங்குது."

"என்ன மங்குது?"

"நான்தான்" என்றார், மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு. "காலைல பளிச்சுன்னு இருந்தேன். இப்பப் பாரு."

அது போனில் மாற்றுகிற அமைப்பு, உயிர் இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். நியாயம்தான். ஆனால் அவர் அவ்வளவு பயத்தோடு என்னை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. எங்கள் கல்யாணத்தன்றுகூட வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். "நல்லா ஓய்வெடு, ஏறும்" என்றேன். ஓய்வெடுத்தார். ஏற்றினேன். அவர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். அன்றிலிருந்து சொன்னபடி இருந்த நாளில் வெளிச்சம் ஏறும், இல்லாத நாளில் இறங்கும். மருத்துவர்கூட மாத்திரையை அப்படித்தானே கூட்டிக் குறைக்கிறார்.

அக்டோபர் கடைசியில் ருமியானா எங்கள் வாசலுக்கே வந்தாள். நகரத்தில் பாட்டு விழா, மேடையில் எங்கள் ஊர்க் குழு.

"நைடென், நீ இல்லாம எங்க பாட்டுக்குக் காலே இல்ல. தொங்குது. வாய்யா."

நைடென் வெகுநேரம் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "போறேன், ஸ்பாஸ்கா. செத்தாலும் பாடிட்டே சாகறேன். வீட்டுக்குள்ள உக்காந்து சாகறதுக்கு அது எவ்வளவோ மேல்" என்றார். அவருக்கு அந்த மேடை வேண்டும். எனக்கு அவர் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தது இந்தப் போன் மட்டும்தான்.

விழாவன்று காலையில் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்ததும் நான்தான். கோட்டை மாட்டி, தலை சீவி, கதவருகே போய் மணிக்கட்டைப் பார்த்தார். வெளிச்சத்தைக் கடைசிக் கோடு வரைக்கும் இறக்கியிருந்தேன். கண்ணருகே வைத்தால்தான் தெரியும். அவர் கோட்டைக் கழற்றவில்லை. மெதுவாக நடந்து அச்சுக்கடைக்குப் போனார்.

போய்த் தன் அஞ்சலித் தாளைத் தானே அடித்துக்கொண்டு வந்தார், ஐயா. நம் ஊரில் செத்தவர் முகம் கதவில் ஒட்டப்படாமல் யாரும் செத்ததாகக் கணக்கில்லை. "நீ போட்டா எழுத்துப் பிழையோட போடுவ" என்றார் என்னிடம். படம் அவர் வாயைத் திறந்து பாடுகிற படம். ஆழ்ந்த துயரத்துடன் மனைவி ஸ்பாஸ்கா என்று கீழே என் பெயரையும் போட்டிருந்தார், நன்றாகவே இருந்தது. எங்கள் வாசலில் ஒன்று, மின்கம்பத்தில் ஒன்று, ரொட்டிக்கடையில் ஒன்று, ருமியானா வீட்டுக் கதவில் ஒன்று என்று பசையும் தூரிகையுமாக அவரே ஒட்டிவிட்டு வந்தார். வரும்போது, "கோதுமைய வேகவச்சிடு, ஆளுங்க வருவாங்க" என்றார். துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுப்பது வழக்கம், வேகவைத்தேன்.

ஆட்கள் வந்தார்கள். இறந்தவரே வாசலில் நின்று கைகுலுக்கினால் என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியவில்லை. "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு அவரிடமே கோதுமையை வாங்கிக்கொண்டு போனார்கள். பாட்டுக் குழு விழாவுக்குப் போகும் வழியில் வேனை நிறுத்தியது. ருமியானா அழுதுகொண்டே இறங்கி ஒரு ஜாடியை அவர் கையில் கொடுத்தாள். எல்லோர் எதிரிலும் நைடென் மூடியைத் திறந்து, ரொட்டியில் தடவிக் கடித்தார். நான் மேலங்கிப் பைக்குள் கையைவிட்டுப் பொத்தானைத் தொட்டேன். கை நடுங்க நடுங்கத் தின்றார். நான் மறுபடி தொட்டேன்.

"உதறட்டும் விடு. செத்தவன் எதுக்குப் பயப்படணும்?" என்று சிரித்தார். பிறகு கண்ணை மூடி, "ஆகா, கத்திரிக்கா" என்றார்.

அப்போதுதான் கடிகாரத்தை அணைத்தேன். போனிலிருந்தே அணைக்கலாம், அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. நிச்சயமாக அணைக்கவேண்டுமா என்று போன் ஒருமுறை கேட்டது. நிச்சயமாக என்றேன். நைடென் கறுத்த திரையைப் பார்த்தார், மிச்ச ரொட்டியைத் தட்டில் வைத்தார், "சரி, முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் கோட்டோடு படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. மருத்துவர் வந்து நாடி பார்த்து, காளை மாடு மாதிரி இருக்கிறது இதயம், நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்கள் என்று கன்னத்தில் தட்டினார். "கடிகாரத்தப் பாருங்க, டாக்டர்" என்றார் நைடென், கண்ணைத் திறக்காமலே. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார்.

ஏன் திரும்ப எரியவிடவில்லை என்றுதானே கேட்கிறீர்கள். போன் பைக்குள்தான் இருந்தது, சார்ஜ் நிறைய இருந்தது. நான் ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அதைச் சொல்லிவிட்டால் அந்த நொடியே வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடுவேன் என்று முடிவு செய்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் விமானத்திலிருந்து இறங்கி மகளும் மருமகனும் வந்து சேர்ந்தார்கள். மகள் வெளியே வண்டிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தாள். யோர்க் பெட்டிகளோடு அறைவாசலில் நின்றார். போனை ஒரு கையில் எடுத்து வைத்துக்கொண்டு நைடெனின் காதருகே குனிந்தேன். "சொல்லு, கிழவா. கத்திரிக்கா போடாத என்னோடதுதானே ஒசத்தி?"

நைடென் மோவாயை மேலே வெட்டினார். ஒரே ஒரு வெட்டு. நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். யோர்க் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அவர் மூச்சு நின்றுவிட்டது.

பிறகு யோர்க்தான் அந்தக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, என் போனையும் பார்த்து, உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தார். அவர் சொன்னதெல்லாம் உண்மை. அணைத்தது நான்தான், எரியவிடாமல் இருந்ததும் நான்தான், எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன். மோவாயை மேலே வெட்டினால் நம் நாட்டில் இல்லை என்று அர்த்தம், எனக்கும் தெரியும். ஆனால் ஜெர்மனியில் ஆமாம் என்கிறவர்கள்தான் தலையை அப்படி மேலும் கீழும் அசைப்பார்களாம். அன்று வாசலில் நின்றபடியே யோர்க் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் சந்தோஷமாகச் சொன்னார், "அம்மா, அப்பா ஆமான்னு சொல்றாரு" என்று. யோர்க் படித்தவர், பொய் சொல்லத் தெரியாதவர், ஐயா. அவர் சொன்னதைத்தான் நான் நம்புகிறேன்.