சாரக்கட்டும் வேண்டும்

ஜேர்மனியில், கொலோன் பேராலயத்தின் கோபுரத்தில் ஏற வெளியே வரிசை நின்றது. எனக்கு முன்னால் யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும், கையில் கமராவோடு.

“கல்லிலை செதுக்கின பூவெல்லாம் தெரிய எடுப்பம். இந்தப் பக்கம் வாரும். அதிலை சாரக்கட்டு நிக்குது, வடிவில்லை,” என்றார் கணவர்.

“சாரக்கட்டும் தெரியத்தான் எடுங்கோ.”

“ஏன்? ஊருக்கு அனுப்புற படமெல்லே?”

“ஓம், அதுக்குத்தான். சண்டையிலை செல் குண்டு விழுந்து எங்கட ஊர்க் கோயில் கூரை போனதிலையிருந்து, இனி ஆர் இதைக் கட்டப்போகினமெண்டு அப்பா சாப்பிடாமல் இருக்கிறாராம். இஞ்சை எப்பவோ முடிஞ்ச உலகச் சண்டையிலை உடைஞ்சதை இன்னும் திருத்திக்கொண்டிருக்கினம். அவர் பாக்கட்டும்.”

கணவர் கமராவைக் கண்ணருகே கொண்டுபோனார். படம் எடுக்காமலே இறக்கினார்.

“நீர் கொஞ்சம் அந்தப் பக்கம் அரக்கி நில்லும். சாரக்கட்டு மறையுது.”