சுவரிலை ஒரு கீறலும் விழப்படாது

— அதிலை கை வைக்காதை! உந்தச் சுவரிலை கை வைக்காதை எண்டு சொன்னனானெல்லே!

— ஐயோ அன்ரி, ஆர் கதைக்கிறது? வீட்டிலை நீங்கள் தனிய எண்டுதானே சொன்னியள்?

— பயப்பிடாதை மோனை றொபின். மேலை பார். அந்த மூலையிலை ஒரு கமரா தெரியுதெல்லே? அதுதான் என்ரை தம்பி கேதீஸ்வரன். சுவிசிலை இருந்து கதைக்கிறான்.

— கமரா கதைக்குமோ?

— நல்லாக் கதைக்கும். நான் இதிலை இருந்து தும்மினால், “என்னக்கா, தடிமனோ?” எண்டு கேக்கும். முதல் நாள் கேட்ட உடனை நான் சாமி அறைக்கை ஓடினனான்.

— அக்கா, உவர் ஆர்? வயர் வேலைக்கு வந்தவரோ?

— ஓம் தம்பி. கொழும்புத்துறைப் பொடியன். நல்லாச் செய்வான் எண்டு சொல்லிச்சினம்.

— வணக்கம் அண்ணை. நான் ஒண்டும் செய்யேல்லை, சுவரைத் தட்டித்தான் பாத்தனான். யன்னலுக்கு மேலை இருந்து ரீவி மேசை மட்டும் நாலு வயர் தொங்குது. டிஸ் வயர், இன்ரநெற் வயர், கறண்டு வயர், உங்கடை கமரா வயர். சிம்பிள் வேலை. சுவரிலை ஒரு காடி வெட்டி, குழாயைத் தாட்டு, வயரை அதுக்குள்ளாலை விட்டுப் பூசிவிட்டால் ஒண்டும் தெரியாது.

— வெட்டோ? அக்கா, உவன் வெட்டு எண்டு சொன்னவனோ?

— ஓம் தம்பி, சொன்னவன்.

— வெட்டவும் கூடாது, துளைக்கவும் கூடாது, ஆணியும் அடிக்கக் கூடாது. விளங்குதோ? இஞ்சை சுவிசிலை ஒரு வீட்டை விட்டுப் போகேக்கை வீட்டுக்காரன் ரோச் லைற்றோடை வருவான். சுவரிலை மூக்கை வைச்சுக்கொண்டு ஓட்டை தேடுவான். முப்பத்து மூண்டு வருசத்திலை ஐஞ்சு வீடு மாறியிட்டன், ஒரு ஆணி அடிச்சவனில்லை. என்ரை கலியாணப் படமே இண்டைக்கும் அலுமாரிக்கு மேலை சாத்தித்தான் கிடக்கு.

— அது வாடகை வீடு அண்ணை. இது உங்கடை சொந்த வீடெல்லோ?

— சொந்த வீடு எண்டபடியாத்தான் சொல்லுறன்! பெயின்ற் அடிச்சு மூண்டு மாசம் ஆகேல்லை. அக்கா, உனக்கும் சேத்துத்தான் சொல்லுறன். உந்தச் சுவரிலை ஒரு கீறல் விழுந்தால், நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு பருத்தித்துறைக்கு மாமி வீட்டை போகவேண்டியதுதான்.

— ஓம் தம்பி.

— அன்ரி, பகிடிக்கோ சொல்லுறார்?

— பகிடியில்லை மோனை. பெயின்ற் அடிச்ச நாளிலை இருந்து நான் சுவரிலை சாயிறேல்லை. போன மாசம் தலை சுத்தி விழப் பாத்தன். சுவரைப் பிடிச்சால் கை அடையாளம் விழும் எண்டுபோட்டு நிலத்திலையே இருந்திட்டன்.

— என்ன குசுகுசுக்கிறியள்? எனக்கு எல்லாம் கேக்குது.

— எங்களுக்கும் கேக்குது தம்பி, உனக்குப் பின்னாலை தண்ணி இறைக்கிற மெசின் மாதிரி ஒண்டு கத்துது. எங்கை நிக்கிறாய்?

— வேலையிலைதான். கோப்பை கழுவிற மெசின். செஃப் சிகரெட் பத்தப் போயிட்டான், பத்து நிமிசம் இருக்கு. கெதியாய் முடியுங்கோ.

— அப்ப சரி அண்ணை, நான் ஏணியை வைக்கிறன்.

— ஏணியைச் சுவரிலை சாத்தாதை!

— சாத்தாமல் ஏணி எங்கை அண்ணை நிக்கும்? கமராவிலையோ கொழுவிறது?

— அக்கா, நான் அனுப்பின குளிர்ச் சப்பாத்துக்குப் போடுற காலுறை இருக்கெல்லே? அதை எடுத்து ஏணியின்ரை தலைக்குப் போடு.

— ஓம் தம்பி. கையோடைதான் வைச்சிருக்கிறன். பெயின்ற்காரருக்கும் உதைத்தான் குடுத்தனான். இந்தா மோனை, மற்ற முனைக்கும் போட்டுவிடு.

— அன்ரி, பன்ரெண்டு வருசமாய் உந்த வேலை செய்யிறன். ஏணிக்குக் காலுறை போடுறது இண்டைக்குத்தான். ஒண்டு மட்டும் கேக்கிறன் அண்ணை. உங்கடை கமராவை நாலு ஆணியிலைதானே பூட்டியிருக்கு?

— அது பாதுகாப்பு. அது வேறை.

— ஓட்டை ஓட்டைதானே அண்ணை.

— கமராவுக்குப் பின்னாலை இருக்கிற ஓட்டை கமராவுக்குத் தெரியாது. விளங்குதோ? அக்கா, நான் பார்சலிலை போட்டு விட்ட ஒட்டுப் பட்டியை எடுத்துக் குடு. வயரெல்லாத்தையும் அதோடை வந்த நீட்டுப் பிளாஸ்ரிக் கேசிங்குக்கை விட்டு மூடி, பட்டியாலை ஒட்டட்டும். கேசிங்குக்கும் சுவர் நிறத்திலை பெயின்ற் அடிச்சால் ஆருக்கும் தெரியாது.

— அண்ணை, கேசிங் நல்ல யோசினைதான். ஆனா உந்தப் பட்டி உங்கடை நாட்டுச் சுவருக்குச் செய்த சாமான். இஞ்சை பெயின்ற் மட்டும்தான் புதுசு, உள்ளுக்கு இருக்கிற பூச்சு அன்ரியின்ரை வயசு.

— ஏன், ஒட்டாதோ?

— ஒட்டும். ஒட்டினால் விடாது. அதுதான் பயம். சுவர் விட்டாலும் அது விடாது.

— விடாட்டில் நல்லம்தானே. ஒட்டு!

— சரி. அன்ரி, இந்தக் கீழ் முனையை ஒருக்காப் பிடியுங்கோ. உங்கடை பக்கம் இழுக்காதேங்கோ. மட்டம் பாக்க லெவல் வைக்கிறன்... ஆ, குமிழி நடுவிலை நிக்குது. இப்ப அமத்துங்கோ. இன்னும். கையை எடுங்கோ. பாருங்கோ, யன்னல் மேலை இருந்து மேசை மட்டும் ஒரே கோடு. ஒரு வயர் தெரியுதோ?

— வடிவாய்க் கிடக்கு மோனை! முந்தி ஆட்டைத் தோலுரிச்சுக் கட்டித் தூக்கின மாதிரி இருந்தது. இப்ப ஆசுப்பத்திரி மாதிரிக் கிடக்கு.

— அக்கா, உது கோணல்.

— எது தம்பி?

— உந்தக் கேசிங்! இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கு.

— அண்ணை, லெவல் வைச்சுத்தானே ஒட்டினனான். குமிழி பொய் சொல்லாது.

— என்ரை கண்ணும் பொய் சொல்லாது. சரிஞ்சு கிடக்கு!

— தம்பி, போன கிழமையும் நீ கேட்டனீ, யன்னலுக்காலை தெரியிற தென்னை ஏன் இடப்பக்கம் சரியுது, காத்தடிச்சதோ எண்டு.

— ஓம், அதைக் கட்டச் சொன்னனானெல்லே? கட்டினனீயோ?

— கட்டினனான் தம்பி. நேராய் நிண்ட தென்னைக்குக் கயிறு கட்டின என்னைப் பாத்துப் பக்கத்து வாழைத்தோட்டத்து ஆக்கள் இன்னும் சிரிக்கினம்.

— அன்ரி! அப்ப கமராதான் கோணல்!

— மெல்லக் கதை மோனை. அது கோவிக்கும்.

— அண்ணை, உங்கடை கமரா சரிஞ்சு கிடக்கு. நீங்கள் தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சரிச்சுப் பாருங்கோ, எல்லாம் நேராய்த் தெரியும்.

— நான் என்னத்துக்குத் தலையைச் சரிக்கிறது? வீடு என்ரை, வீட்டை நேராக்கு. கழட்டிப்போட்டு அரை இஞ்சி வலப்பக்கம் தள்ளி ஒட்டு.

— கழட்டினால் பெயின்றும் சேந்து வரும்.

— வராது. பெட்டியிலை எழுதிக் கிடக்கு, சுவருக்கு ஒரு சேதமும் இல்லை எண்டு. எனக்கு ஜேர்மன் வாசிக்கத் தெரியும்.

— உங்களுக்குத் தெரியும் அண்ணை. சுவருக்குத் தெரியாதே.

— அக்கா, உவன்ரை வாயைப் பார்!

— இழு மோனை. தம்பி சொல்லுறான், இழு.

— அன்ரி, நான் வேண்டாம் எண்டனான். நீங்கள் சாட்சி.

— நானும் சாட்சி, கமராவும் சாட்சி. இழு.

— இழுக்கிறன். ஐயோ! அன்ரி, கண்ணைப் பொத்துங்கோ, மண் கொட்டுது!

— என்ன சத்தம்? என்ன விழுந்தது? அக்கா, கமராவை மறைக்காதை. உந்தச் சீலையை எடு! விலகு!

— ஒண்டுமில்லைத் தம்பி. தூசி தட்டுறன்.

— றொபின், நீ சொல்லு!

— பெயின்ற் வந்திட்டுது அண்ணை. பூச்சும் சேந்து வந்திட்டுது. உள்ளுக்குக் கல்லுத் தெரியுது. ஒரு தோசை அளவு.

— தோசை அளவோ!

— சின்னத் தோசை தம்பி.

— எல்லாம் நாசம்! சனிக்கிழமை ஆக்கள் வரப்போகினம், ஒரு தோசையளவு ஓட்டையைக் காட்டி நான் என்னத்தைச் சொல்லுறது!

— ஆர் தம்பி வருகினம்?

— ஆக்கள்.

— எத்தினை பேர்? மத்தியானச் சாப்பாடோ, தேத்தண்ணியோ?

— சமைக்கத் தேவையில்லை அக்கா. லண்டனிலை இருந்து ஒரு குடும்பம். வீட்டைப் பாத்திட்டுப் போயிடுவினம்.

— பாக்கவோ வருகினம், வாங்கவோ வருகினம்?

— பொறு, செஃப் வாறான் போலை கிடக்கு.

— வரட்டும். அவனுக்குத் தமிழ் தெரியாது. பாக்கவோ, வாங்கவோ?

— வாங்கத்தான்.

— அன்ரி, நான் வெளியிலை நிக்கிறன். குடும்பக் கதை கதையுங்கோ.

— ஏணியிலை நிண்டுகொண்டு எங்கை மோனை போகப் போறாய்? உதிலையே நில்லு. தம்பி, இப்ப என்ன வந்ததெண்டு விக்கிறாய்?

— எனக்கும் அறுபது கிட்டுது அக்கா. சுடுதண்ணியிலை ஊறி ஊறிக் கையிலை ரேகையே இல்லை. பாஸ்போட் எடுக்கப் போனால் மெசின் விரலைக் காணேல்லை எண்டுது. உதை வித்தால் இஞ்சை இரண்டு அறையோடை ஒண்டைச் சொந்தமாய் எடுக்கலாம். சாகமுந்தி ஒரு சுவரிலை ஒரு ஆணி அடிச்சு அந்தப் படத்தைக் கொழுவிப் பாக்கவேணும். பிழையோ?

— அதிலை பிழையில்லைத் தம்பி.

— அதுதானே. எனக்குத் தெரியும், நீ விளங்கிக்கொள்ளுவாய்.

— அப்ப நான் எங்கை இருக்கிறது?

— மாமியோடை கதைச்சு வைச்சிருக்கிறன். அவவின்ரை பின்னறை சும்மாதான் கிடக்கு. பூட்டும் இருக்கு. அந்தச் சுவரெல்லாம் வெடிச்சுப் போய்த்தான் கிடக்கு, நீ வேணுமெண்டால் சாயலாம்.

— எப்ப கதைச்சனீ?

— சித்திரையிலை.

— பெயின்ற் அடிக்க முந்தியோ, அடிச்ச பிறகோ?

— முந்தி. விக்கிறதுக்காகத்தானே பெயின்றே அடிச்சது.

— அப்ப கீறல் விழுந்தாலும் மாமி வீடு, விழாட்டிலும் மாமி வீடு.

— அப்பிடிச் சொல்லாதை அக்கா. அழாதை.

— அன்ரி அழேல்லை அண்ணை. முகத்தைப் பாத்தால் சிரிக்கிற மாதிரித்தான் கிடக்கு.

— சிரிக்கிறாவோ? சரி, சிரிச்சால் நல்லம். அக்கா, செஃப் உள்ளை வந்திட்டான், கெதியாய்ச் சொல்லுறன். றொபினைக்கொண்டு உந்தத் தோசையைச் சீமெந்து போட்டு அடைப்பி. வீட்டு உறுதிப் பத்திரத்தை லோயர் கேட்டவர். அப்பாவின்ரை றங்குப் பெட்டியிலை கிடக்கும், படம் பிடிச்சு இண்டைக்கே அனுப்பு. விளங்குதோ?

— றங்குப் பெட்டியிலை இல்லைத் தம்பி. என்ரை அலுமாரியிலை கிடக்கு.

— உன்ரை அலுமாரியிலை என்னத்துக்கு?

— என்ரை உறுதியை வேறை ஆற்றை அலுமாரியிலை வைக்கிறது?

— உன்ரை உறுதியோ? என்ன கதைக்கிறாய்? நான்தானே ஒரே ஆம்பிளைப் பிள்ளை!

— எண்பத்தொன்பதிலை, நீ வெளிநாடு போகக் கொழும்பிலை ஏஜென்சிக்காரனுக்குப் பின்னாலை அலைஞ்சுகொண்டு திரியேக்கை, அப்பா வீட்டையும் வளவையும் எனக்குச் சீதனமாய் எழுதினவர். அச்சுவேலி மாப்பிள்ளை வீட்டுக்காரர் உறுதியைக் கண்ணாலை கண்டால்தான் கலியாணத்துக்கு நாள் வைப்பம் எண்டு நிண்டவை.

— முப்பத்து மூண்டு வருசம்! ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே அக்கா!

— நீ கேக்கேல்லையே. உனக்கு ஓம் தம்பி, ஓம் தம்பி எண்டு சொல்லவே எனக்கு நேரம் சரியாய் இருந்தது.

— அந்தச் சீதனம் எப்பிடிச் செல்லும்? அந்தக் கலியாணம்தான் நடக்கேல்லையே! அது எப்பவோ குழம்பிப் போச்செல்லோ!

— கலியாணம்தான் குழம்பினது தம்பி. உறுதி குழம்பேல்லை.