இருபத்தேழாம் நம்பர் வீடு

— கதவில நிண்டு அழாத, புளோறன்ஸ். வந்தா உள்ளுக்கு வா, இல்லாட்டிக் கதவச் சாத்திட்டுப் போ. தூசி முழுக்க என்ர சோத்துக்க விழுது.

— நான் அழ வரல்ல, மாக்ரெட் அக்கா. உங்களக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்.

— எங்க, உன்ர மூண்டாம் மாடிக்கா? அது இன்னும் குழியாத்தான கிடக்கு. எழும்பட்டும். லிப்ற்ல ஏறிப் போய், மேல நிண்டு என்ர தகரத்தில வெத்திலை துப்பு.

— பொலிசுக்கு அக்கா. என்ர பெடியன் ஒஸ்வால்டப் பிடிச்சு வச்சிருக்கிறாங்க.

— என்ன சொல்லுற? எப்ப?

— நேத்துப் பின்னேரம். பிரஸ்ஸில வேலை முடிஞ்சு வரக்குள்ள, பாலத்தடிச் செக்பொயின்ற்ல. ஐடென்ரி காட்ட வாங்கிப் பாத்திருக்கிறான். இருபத்தேழாம் நம்பர், இந்த ஒழுங்கை, கொட்டாஞ்சேனை. இப்ப எங்க இருக்கிற எண்டு கேட்டிருக்கிறான். என்ர மடையன் உண்மையச் சொல்லியிருக்கு, மாளிகாவத்தையில எண்டு.

— மாளிகாவத்தையில நீங்க பொலிசுக்குப் பதியல்லையா?

— அறை தந்த ஷபீகா பயந்துட்டா. தமிழாக்கள வச்சிருக்கன் எண்டு எழுதிக் குடுத்தா அவவின்ர வீட்டையும் வந்து கிண்டுவாங்களாம். இங்க எங்களுக்குக் கட்டுற பிளற் முடியிற வரைக்கும்தான எண்டு நானும் விட்டுட்டன். இப்ப அங்க நாங்க இருக்கிறதுக்கு எழுத்து இல்ல, இங்க இருந்ததுக்கு வீடு இல்ல. காட் கள்ளக் காட்டாம். பெடியன் வடக்கில இருந்து வந்தவனாம்.

— ஆர், ஒஸ்வால்டா? மருதானையத் தாண்டினா வழி கேக்கிறவன்.

— சிரிக்காதீங்க அக்கா. அடிக்கிறாங்க. நான் வாசல்ல நிக்கக்குள்ள சத்தம் கேட்டது. அவன்ர சத்தம் எனக்குத் தெரியாதா?

— மாதாவே. நான் சிரிக்கல்ல, புள்ள. இரு. அந்த வாங்கில இரு.

— இருக்க நேரமில்ல. அங்க ஒரு சார்ஜன், கொஞ்சம் வயசான மனுசன், என்னை ஒரு பக்கமாக் கூப்பிட்டுச் சொன்னவர். அந்த ஒழுங்கையில இருக்கிற ஆள் ஒண்டக் கூட்டிக்கொண்டு வா, அங்க உங்கட வீடு இருந்தது, இவன் அங்க பிறந்து வளந்தவன் எண்டு வந்து சொல்லட்டும் எண்டு. பின்னேரம் பெரியவர் கையெழுத்து வச்சா ஆமிக் காம்புக்கு ஏத்திடுவாங்களாம். பிறகு தன்னால ஒண்டும் செய்யேலாதாம்.

— ஃபாதரக் கூட்டிக்கொண்டு போ. வெள்ளை அங்கிக்கு ஒரு மரியாதை இருக்கு.

— போன மாசம் மாறி வந்தவர். முகத்துக்கு நேர சொல்லிட்டார், மகள், உங்கள எனக்குத் தெரியாது எண்டு. பதிவு பாக்கிற விதானையும் புதுசு.

— நமசிவாயம்?

— வித்துட்டுக் கனடா போனது தெரியாதா உங்களுக்கு? சீனியம்மா வித்துட்டுப் பதுளையில மகளோட. ராசிக் நானாட கடையும் போச்சு. என்ர காணிய வாங்கின முதலாளிக்கு நாலு தரம் போன் அடிச்சன், பொலிசுக் கதை எண்ட உடன வச்சுட்டார். ஒழுங்கையில உங்கள விட்டா சனம் இல்ல அக்கா.

— சனம் இல்லாம ஆக்கினது ஆர்? ஆர் முதல்ல வித்தது?

— நான்தான். அதுக்கு?

— நீ வித்த பிறகுதான மத்ததுகள் வரிசையில நிண்டது. பன்னிரண்டு வீடு. கோயில் திருநாளுக்கு இந்த ஒழுங்கைக்குள்ள கொடி கட்டினா வானம் தெரியாது. இப்ப பார், லொறி, கம்பி, சீமெந்து. இந்த மண்ணில காலுக்கு இடம் வைக்கேலாமக் கிடக்கு.

— மழைக்கு என்ர வீட்டுக்குள்ள குடை பிடிச்ச கதை உங்களுக்குத் தெரியாதா? காமெண்ட் தையல் பக்டரியில நிண்டு நிண்டு என்ர கால் நரம்பு கயிறு மாதிரிப் புடைச்சுக் கிடக்கு. ஒருத்தன் வந்து, இந்தக் காணியத் தா, புது வீடு ஒண்டு தாறன் எண்டா, நான் என்ன மாட்டன் எண்டு சொல்லவா?

— மாட்டன் எண்டு நான் சொல்லல்லையா? எனக்கு மட்டும் ஒழுகல்லையா? மெல்லக் கதை, அந்த மனுசன் எழும்பிடும்.

— ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை நித்திரையா?

— நித்திரை எங்க? துறைமுகத்தில பாரம் தூக்கிற விஞ்சு ஓட்டின மனுசன். எந்தச் சத்தத்துக்கும் கண் முழிக்காது. இப்ப அந்த அத்திவார மெசின் ஒரு குத்துக் குத்தினா கட்டிலோட துள்ளுது. இடுப்புக்குக் கீழ உணர்வில்ல, ஆனா குத்து மட்டும் விளங்குதாம். கட்டிலுக்குப் பின்னால செவர் வெடிச்சு என்ர கை உள்ளுக்குப் போகுது. வந்து பாக்கிறியா?

— பாத்தனான் அக்கா.

— எப்ப பாத்தனீ? வித்துட்டுப் போன நாளில இருந்து உன்ர நிழல் இந்தப் பக்கம் விழல்ல. இண்டைக்குத் தேவை வந்தது, அக்கா எண்டு வந்து நிக்கிற.

— ஓம், தேவைக்குத்தான் வந்தனான். வெக்கமில்லாமத்தான் வந்தனான். என்னைச் செருப்பால அடிங்க, பிறகு வாங்க. ஒரு வசனம் சொன்னாப் போதும். இருபத்தேழில இவங்கட வீடு இருந்தது எண்டு. அவ்வளவுதான்.

— அந்த வசனத்தத்தான் நான் சொல்லேலாது.

— ஏன்?

— வெள்ளிக்கிழமை எனக்குக் கவுன்சில்ல விசாரணை.

— ஓம், இந்தக் கட்டடத்துக்கு எதிரா நீங்க பெட்டிசம் போட்டதெண்டு கேள்விப்பட்டன். அதுக்கும் இதுக்கும் என்ன?

— அதில என்ன எழுதியிருக்கு எண்டு கேள்விப்பட்டியா? லோயர் சொன்னார், வீடு இருந்த காணி எண்டா அவங்க கட்டுறத ஒருத்தராலயும் நிப்பாட்டேலாது. எல்லாருக்கும் பொதுவான கிணத்தடி எண்டா நிப்பாட்டலாம். இருபத்தேழில வீடே இருந்ததில்ல, அது எங்கட பொதுக் கிணத்தடி எண்டு சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்கிறன்.

— என்ர வீட்டையா? இல்ல எண்டா?

— ஓம்.

— புயலுக்கு உங்கட தகரம் பறந்த வருசம் நீங்களும் அண்ணையும் எந்த வீட்டில படுத்தனீங்க? கிணத்தடியிலயா?

— தெரியும்.

— ஒஸ்வால்ட நீங்கதான் தூக்கிக்கொண்டு போய்க் கோயில்ல ஞானஸ்நானத்துக்கு நிண்டனீங்க. எந்த வாசலால தூக்கிக்கொண்டு போனீங்க?

— தெரியும் எண்டுறன்! பொய்தான். பச்சைப் பொய். உண்மைய எழுதி மூண்டு பெட்டிசம் போட்டன். செவர் வெடிக்குது, மனுசன் படுக்கையில கிடக்கு எண்டு. ஒரு நாய் வந்து எட்டிப் பாக்கல்ல. பொய்ய எழுதின பிறகுதான் விசாரணைக்கு நாள் குடுத்தாங்க. என்னை என்ன செய்யச் சொல்லுற?

— பொலிசுக்கு வாங்க எண்டுறன்.

— பொலிசில நான் சொன்னா எழுதுவான். கையெழுத்து வாங்குவான். அந்தக் கடதாசி உன்ர முதலாளியின்ர கைக்குப் போக எவ்வளவு நேரம்? வெள்ளிக்கிழமை என்னைக் கள்ளி எண்டு துரத்துவாங்க. சனிக்கிழமை இந்தச் செவருக்கடியில தோண்டுவாங்க. இந்த மனுசனத் தூக்கிக்கொண்டு நான் எங்க போறது? உன்ர ஷபீகா எனக்கும் ஒரு அறை தருவாவா?

— செவர் விழுந்தா இன்னொண்டு கட்டலாம் அக்கா.

— ஆர் கட்டுறது? நீயா?

— நான் கட்டுறன். கல்லுத் தூக்கிக் கட்டுறன். எனக்கு வாற பிளற்ல அண்ணையக் கொண்டு வந்து படுக்க வைக்கிறன். என்ன வேணும் சொல்லுங்க. பெடியன் காம்புக்குப் போனா என்னத்தக் கட்டி நான் அவனத் திருப்பி எடுக்கிறது? சொல்லுங்க.

— அந்தச் சட்டிய மூடு.

— அக்கா?

— சோத்துச் சட்டிய மூடு எண்டுறன். விக்கிற பார்சல் கட்ட இன்னும் பாதி கிடக்கு. இண்டைக்கு என்னட்டச் சோறு வாங்கிற துறைமுகத்துக்காரன் பாண் திண்ணட்டும். நான் சட்டை மாத்திட்டு வாறன். வீடு இருந்தது எண்டு சொல்லுறன். வெள்ளிக்கிழமை வாறது வரட்டும்.

— அக்கா... உங்கட காலில விழுறன்.

— விழாத. தரையெல்லாம் சீமெந்துத் தூசி. ஆர் அது வெளியில இருமுறது?

— நாந்தாங்கம்மா, ராமையா. சைட்டு வாச்சருங்க. ஐயாவ முன் ரூமுக்கு மாத்திடுங்க. மத்தியானம் திரும்ப மெசின் போடப் போறாங்க. கட்டில் தூக்கணும்னா ரெண்டு பொடியங்கள அனுப்புறேங்க.

— வந்துட்டான் பாருங்க அக்கா! இவன்தான்! வாடா இங்க!

— என்னங்கம்மா? என்ன பண்ணேன் நானு?

— காலையில என்ர பெடியன்ர விலாசத்தப் பாக்க ஆக்கள் வந்தாங்களா இல்லையா? சார்ஜன் என்னட்டச் சொன்னவர். இந்த இடத்து ஆள் ஒண்டு எழுதியே குடுத்திருக்காம். இங்க வீடே இருந்ததில்லையாம், அப்பிடி ஒரு குடும்பத்தக் கண்டதே இல்லையாம். அத வச்சுத்தான் பெடியனுக்கு அடிக்கிறாங்க. என்ர வீட்டு ஓட்ட உன்ர கையாலதான இறக்கினனீ?

— நாந்தாங்க எறக்குனேன். செவுத்துல இருந்த மாதா படத்தக் கழட்டி ஒங்க கையில குடுத்ததும் நாந்தான். நான் எதுக்குங்க இல்லன்னு சொல்லப் போறேன்? எங்கிட்ட போலீசு வரவே இல்லீங்க.

— பொய் சொல்லாத.

— சாமி சத்தியமாங்க. எங்க பொடியங்க ஆறு பேரு பதிவு இல்லாம அந்தக் குடில்ல படுத்திருக்கானுங்க. காக்கிச் சட்டை தெரிஞ்சா நாங்க குழிக்குள்ள எறங்கிருவோம். காலையில வந்தது வேற ரெண்டு பேருங்க. நீளக் கலிசான், வெள்ளச் சட்டை, கையில பைலு. குழிய எட்டிப் பாத்தாங்க, நம்பரத் தேடுனாங்க. கவுன்சில் ஆளுங்கன்னுதான் நாங்களும் நெனச்சோம்.

— அதுதான் பொலிசு! காக்கி போடாம சிவில்ல வந்தவங்க.

— அப்பிடிங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்த பேசலீங்களே.

— உன்னட்டப் பேசாம ஆரிட்டப் பேசினாங்க? இங்க வேற ஆர் இருக்கிறது? சொன்ன வாய் புழுத்துப் போகும்! பெத்த வயிறெண்டா அப்பிடிச் சொல்லுமா? கையெழுத்துப் போட்ட கை விளங்காது! அக்கா, சட்டைய மாத்துங்க, போவம். இந்த ஆளையும் இழுத்துக்கொண்டு போவம். அக்கா? ஏன் இருந்துட்டீங்க? என்ன செய்யுது?

— அந்த ஆள விடு, புளோறன்ஸ். இருபத்தேழில வீடு இருந்ததா, இந்தப் பேரில குடும்பம் இருந்ததா எண்டு சிங்களத்தில கேட்டாங்க. என்ர பெட்டிசத்துக்கு வந்தவங்க எண்டு நினைச்சு, கதிரை போட்டுத் தேத்தண்ணி குடுத்து, கையெழுத்தும் போட்டுக் குடுத்தது நான்தான்.