வாசல் பார்த்துப் பேசும் மடிக்கணினி

கடிகாரத்தை ஒரு கண்ணாலும் என்னை மறு கண்ணாலும் பார்த்தபடி தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே! லினக்ஸ் இயங்குதளத்தைக் கரைத்துக் குடித்த கணினிக் கழகத்துக் கண்மணிகளே! மடியில் தூங்கும் பிள்ளையோடு முன்வரிசையில் பொறுமை காக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் மருத்துவமனையில் ரத்தம் சோதிப்பவள். கணினிக் கூட்டத்தில் எனக்கென்ன வேலை? என் தம்பிதான் வேலை! அதோ, மேடையோரம் லினக்ஸ் மடிக்கணினியில் கேபிளைச் செருகிவிட்டு அசடு வழிகிறானே, அவனேதான். என்ன அங்கே சத்தம்? திரையில் இணையம் வரவில்லையா? பொறுங்களய்யா, சொல்கிறேன்.

காலையில் அச்சகத்துக் கணினிகளைப் பார்ப்பான். மாலையில் எங்கள் ஆய்வகத்துக்கு வருவான். வீட்டுக்கு வீடு கதவிலக்கம் இருப்பதுபோல் வலையில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டாம். அச்சகத்தில் தன் மடிக்கணினிக்குக் கையால் போட்ட எண்ணை எங்களிடம் வந்ததும் மாற்ற வேண்டும். மாற்றினானா? மறந்தான்! அந்த எண்ணோ, எங்கள் ரத்தப் பரிசோதனை இயந்திரத்தின் எண். ஒரே எண்ணுக்கு இருவர் உரிமை கொண்டாட, முடிவுகள் பாதி வழியில் நின்றன. அறுவைச் சிகிச்சை அறையில் ஒரு தாய். வெளியே அவள் கணவன். நடுவே வராத முடிவு! தம்பியின் கேபிளைப் பிடுங்கிய பிறகுதான் முடிவு போய்ச் சேர்ந்தது. தாய் பிழைத்தாள். மேலாளர் விட்டாரா?

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, உங்க தம்பி இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது!"

சிபாரிசு செய்தவள் நான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

"ஏண்டா, உனக்குத்தான் ஞாபகம் இல்ல. அந்தப் பொட்டிக்காவது சொல்லிக் குடுக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"அட, செய்யலாமேக்கா!" என்றான்.

செய்தான். கேபிள் செருகியதும், அந்த வலைக்கு வாசல்போல் நின்று வெளியே வழிவிடும் கருவிக்கு என்ன எண் என்று பார்த்து, இடத்தைக் கண்டுபிடிக்க நிரல் எழுதினான். எழுதி முடித்ததும் தலையில் கைவைத்தான். ஏன்? இரண்டு வலைகளையும் அமைத்தவன் இவனே. பழக்கதோஷத்தில் இரண்டு வாசலுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறான், மகராசன்! சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் செய்வதுதான்.

எண் ஒன்றானாலும், கருவிக்குள் தொழிற்சாலையில் பதித்த அடையாளம் வேறு வேறாம். அதைக் கேட்கும்படி பெட்டிக்குச் சொன்னான். தெரிந்த வாசலா, அந்த இடத்து எண்ணைப் போடு; தெரியாத வாசலா, எந்த எண்ணையும் எடுக்காதே, வாயை மூடிக்கொண்டிரு என்றான்.

சோதனை நாள் வந்தது. மேலாளர் கைகட்டி நிற்கிறார். மடிக்கணினி அச்சகத்திலிருந்து நேரே வந்திருக்கிறது. கேபிளைச் செருகியவள் நான். நின்றதா இயந்திரம்? நிற்கவில்லை! திணறினவா முடிவுகள்? திணறவில்லை! வரிசையாக வந்து விழுந்தன.

"சரி, தம்பி நாளைக்கும் வரட்டும்," என்றார் மேலாளர். அப்பாடா! அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இன்னும் இணையம் வரவில்லையா? வராது அன்பர்களே! இந்த மண்டபத்து வாசலை அந்தப் பெட்டிக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை. அதனால் யார் எண்ணையும் தட்டிப் பறிக்காமல் சும்மா இருக்கிறது. பேசத் தெரிந்தவர்களுக்கு எத்தனை முறை கைதட்டியிருப்பீர்கள்! இன்று, தெரியாத இடத்தில் வாய்மூடத் தெரிந்த பெட்டிக்கும், அதைப் பழக்கிய என் தம்பிக்கும் ஒருமுறை தட்டுங்கள்!

நானும் அந்தப் பெட்டியிடம் பாடம் படித்து, இத்தோடு வாயை மூடுகிறேன். நன்றி, வணக்கம்!