பன்னிரண்டாவது நாவல்

— இன்னும் பதினெட்டு மணி நேரம்தான் இருக்கு ரோஷினி. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு முதியோர் இல்லத்து வேன் வந்துரும். அத்தா பெட்டியைக் கட்டி வாசல்ல வச்சிட்டாரு.

— முதியோர் இல்லமா? நஸீஹா அக்கா, புக் வாங்கத்தானே வர்றேன்னு சொன்னீங்க?

— புக் வாங்கத்தான் வந்திருக்கேன். அத்தாவைத் தடுக்கணும்னா அந்த புக் வேணும். கொடு, நான் ஓடணும்.

— உட்காருங்க அக்கா. காப்பி போடட்டா?

— காப்பி தேக்கா மார்க்கெட்லயே குடிச்சாச்சு லா. பேச்சை மாத்தாத. போன மாசம் அத்தா கேட்டப்ப ஆபீஸ் அலமாரில இருக்குன்ன. நான் கேட்டப்ப ஸ்கேன் பண்ணக் கொடுத்திருக்கேன்ன. இன்னைக்கு என்ன, பூனை தின்னுருச்சா?

— சாரை, உங்க அப்பாவை, நீங்களா அனுப்புறீங்க?

— நானா? நல்லா கேட்ட போ. அவரே போன் போட்டு, அவரே போய்ப் பாத்து, அவரே எல்லாம் முடிச்சிட்டாரு. ‘எனக்கு ஞாபகம் போயிருச்சு நஸீஹா, கேஸை அணைக்க மறந்து வீட்டைக் கொளுத்துறதுக்குள்ள போயிடுறேன்’கிறாரு. எண்பத்தொரு வயசு. வீம்பு மட்டும் இருபது வயசுல நிக்குது.

— டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?

— காட்டாமலா? கடிகாரம் வரையச் சொன்னாங்க, வரைஞ்சாரு. நூறுலேர்ந்து ஏழேழா கழிக்கச் சொன்னாங்க, டாக்டரைவிட வேகமா கழிச்சாரு. வயசுக்கு நல்லாவே இருக்காரு, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அத்தா நம்பல. ‘நான் எழுதுன நாவல் எனக்கே ஞாபகமில்ல, டாக்டருக்கு என்ன தெரியும்’கிறாரு.

— எந்த நாவல் அக்கா?

— என்ன எந்த நாவல்? இப்ப பேப்பர்ல நீ படக்கதையா போடுறியே, ‘கிராஞ்சியில் ஒரு குரல்’, அதுதான். தினம் மூணு கட்டம். மேல ‘கதை: முகைதீன், படம்: ரோஷினி’ன்னு கொட்டை எழுத்துல வருது. அதைப் படிச்சதும் நாளைக்கு என்ன வரும்னு என்கிட்டச் சொல்லுவாரு. தனக்குத்தானே வச்சுக்கிட்ட பரீட்சை.

— தினமுமா?

— எட்டு மாசமா தினமும். ‘நாளைக்கு ஏஜென்ட் செழியன் டோபி காட் பஸ் ஸ்டாப்புல இறங்கி அந்தப் பொண்ணைப் பாப்பான்’னாரு. மறுநாள் நீ அவனை லாரில ஏத்தி ஊர்க்கோடி துவாஸுக்கு அனுப்பிட்ட. ‘லாரிக்காரன்தான் எதிரியோட ஆளு’ன்னாரு. நீ லாரிக்காரனைக் கொன்னுட்ட. ஒரு நாளாவது சரியா வரணுமே! ஞாயித்துக்கிழமை உன் படம் வராதுல்ல, அன்னைக்கு ஒரு நாள்தான் மனுசன் நிம்மதியா பசியாறுறாரு.

— இது எனக்குத் தெரியாது அக்கா. சத்தியமா தெரியாது.

— உனக்கு எப்படித் தெரியும்? அவரு உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. புள்ள மனசு கஷ்டப்படுமாம்.

— அம்பது வருசத்துக்கு முன்னாடி எழுதுனது. மறக்குறது சகஜம்தானே. எத்தனை நாவல் எழுதுனாருன்னு சாருக்கே கணக்கு இல்ல.

— நானும் அதைத்தான் சொன்னேன். ‘அப்ப மத்ததெல்லாம் எப்படி ஞாபகமிருக்கு’ன்னு திருப்பிக் கேக்குறாரு. இதுக்கு முன்னாடி நீ பதினோரு நாவல் போட்ட. பதினொண்ணுலயும் வில்லனோட கார் நம்பர் வரைக்கும் சொல்றாரு. இது ஒண்ணுல மட்டும் ஒரு வரி வரல. அதான் பயந்துட்டாரு. வெளிய போறது நின்னுபோச்சு. பள்ளிவாசலுக்குத் தனியா போறதில்ல. ரோட்டுல வீட்டை மறந்துட்டு நிப்பேனாம்.

— என்னை அன்னைக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டாந்து விட்டாரு, முதல் தடவை உங்க வீட்டுக்கு வந்தப்ப. எனக்குத் துப்பாக்கி வரைய வரல. சார் அடுப்படிலேர்ந்து அகப்பையை எடுத்துட்டு வந்து, கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு காமிச்சாரு.

— தரையெல்லாம் குழம்பு. அம்மா திட்டுன திட்டு நாலு மாடிக்குக் கேட்டுச்சு.

— செழியன் இன்னைக்கும் அப்படித்தான் பிடிப்பான். ஒரு வாசகர்கூட எழுதிக் கேட்டிருந்தாரு, உங்க உளவாளி ஏன் சாம்பார் ஊத்துற மாதிரி சுடுறாருன்னு.

— சிரிக்க வைக்காத. அன்னைக்கே அட்டைப்பெட்டியோட எல்லா நாவலையும் உன் கையில தூக்கிக் கொடுத்துட்டாரு. வீட்டுல ஒரு காப்பி இல்ல. நூலகத்துலயும் கேட்டேன், அந்தப் பேர்ல எதுவும் இல்லையாம். உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. அந்தப் பெட்டி எங்க? கட்டிலுக்கு அடியிலயா? நகரு, நானே தேடிக்கிறேன்.

— வேணாம் அக்கா! இருங்க. புக்கை விடுங்க. அடுத்த பத்து நாளைக்கு வரப்போற படம் டேப்லட்ல இருக்கு. அனுப்புறேன். முந்தின நாளே சார் காதுல போட்டுருங்க. கன்ஃபர்ம் சரியா சொல்லிருவாரு.

— பரீட்சையில பாத்து எழுதுற மாதிரி லா இது. தெரிஞ்சா என் மூஞ்சில முழிக்க மாட்டாரு. புக்கைக் கொடுத்தா படிப்பாரு. எங்கயாவது ஒரு வரில, ‘ஆமா, இதை நான்தான் எழுதுனேன்’னு வந்துரும். எனக்கு அந்த ஒரு வரி போதும்.

— படிச்சும் வரலைன்னா?

— அப்ப நானே பெட்டியைத் தூக்கி வேன்ல வைக்கிறேன். நீ எதுக்கு இப்ப அழுவுற?

— அழல.

— புக்கைத் தொலைச்சிட்டியா? தொலைச்சிருந்தா சொல்லிரு. திட்ட மாட்டேன். திட்டுவேன், அடிக்க மாட்டேன்.

— தொலைக்கல.

— அப்ப பேப்பர் ஆபீஸ்ல புக்கைக் கொடுக்கக்கூடாதுன்னுட்டாங்களா?

— இல்ல. எடிட்டர் அன்னம்மா மேடத்துக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. முகைதீன் கதை தீர்ந்தா படக்கதையை நிறுத்திருவோம்னு போன வருசம் சொன்னாங்க, அவ்வளவுதான். சார் பேருக்காகத்தான் படிக்கிறாங்களாம்.

— அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— எனக்கு இதை விட்டா வேற தெரியாது அக்கா. கெமிஸ்ட்ரி படிச்சேன், ஒரு நாளும் லேப் வேலைக்குப் போகல. ஏழு வருசமா காலைல எழுந்தா மூணு கட்டம். ஒரு வாரம் சமாளிச்சா போதும், அதுக்குள்ள மேடத்துக்கிட்டப் பேசிரலாம்னு நினைச்சேன்.

— என்னத்தைச் சமாளிக்க? நீ சொல்றது ஒண்ணும் விளங்கல. இரு, அத்தாவே கூப்பிடுறாரு. ஸ்பீக்கர்ல போடுறேன். அத்தா, நான் ரோஷினி வீட்டுல இருக்கேன்.

— ரோஷினியா? எப்படிம்மா இருக்க? சாப்பிட்டியா?

— சாப்பிட்டேன் சார்.

— பொய். பசிச்ச குரலு எனக்குத் தெரியாதா? இன்னைக்குப் படம் பிரமாதம்மா. அந்தப் படகுச் சண்டை. நாலே கோட்டுல மழையைக் கொண்டாந்துட்ட.

— சார்...

— செழியன் எதிரியைச் சுடாம விட்டுடுறான் பாரு. வேற எந்தக் கதையிலயும் அவன் யாரையும் விட்டதில்ல. முப்பது வயசுல எனக்கு அவ்வளவு இரக்கம் இருந்திருக்கு. இந்தக் கைதான் எழுதியிருக்கு. பேப்பரையும் கையையும் மாத்தி மாத்திப் பாக்குறேன், ஒண்ணும் வரமாட்டேங்குது.

— அத்தா, சும்மா இருங்க. நான் புக்கோட வர்றேன்.

— வேணாம் நஸீஹா. அந்தப் புள்ளைய வற்புறுத்தாத. கையில வச்சுப் படிச்சும் அது யாரோ எழுதுனது மாதிரி இருந்துச்சுன்னா என்னால தாங்க முடியாது. ரோஷினிம்மா, நான் மறந்ததை நீ ஞாபகம் வச்சிருக்க. உனக்குப் புண்ணியமா போகும். ஹோம்லயும் பேப்பர் போடச் சொல்லியிருக்கேன், கவலைப்படாத.

— போகாதீங்க சார்.

— போகணும்மா. போன வாரம் டீ போட கேத்தலை அடுப்புல வச்சிட்டுத் தொழ உட்கார்ந்துட்டேன். அடி கருகிப்போச்சு.

— நான் மாசம் ரெண்டு தடவை கருக்குறேன் சார்.

— நீ சின்னப் புள்ள. உனக்குக் கேத்தல் போனா கேத்தலோட போச்சு. எழுத்தாளன் எழுதுனதையே மறந்துட்டா மிச்சம் என்ன இருக்கு? சரிம்மா, மாத்திரையெல்லாம் இன்னும் எடுத்து வைக்கல. வச்சிரட்டா?

— வச்சிராதீங்க சார். அக்கா, போனைக் கட் பண்ணாதீங்க.

— ரோஷினி, என்னடி ஆச்சு உனக்கு?

— சார், நீங்க கொடுத்த பெட்டியில பதினோரு நாவல்தான் இருந்துச்சு.

— பதினொண்ணா? பதினொண்ணும்தான் முன்னாடியே போட்டுட்டியேம்மா. அப்ப இது?

— நீங்க எதையும் மறக்கல சார். ‘கிராஞ்சியில் ஒரு குரல்’னு ஒரு கதையை நீங்க எழுதவே இல்ல. எட்டு மாசமா உங்க பேரைப் போட்டு அதை எழுதிட்டு இருக்குறது நான்.