விழுந்தால் வெடிக்காது

— துப்பாக்கி கைதவறிக் கீழ விழுந்து வெடிச்சிட்டுன்னு ஒரு வரி எழுதித் தாங்க, எஸ்றா அண்ணாச்சி. அது போதும்.

— அதத்தான் எழுத முடியாதுங்கேன், ஆக்னஸ். இன்ஸ்பெக்டர் துப்பாக்கிய என் துப்பாக்கிக் கடைக்குக் குடுத்தனுப்புனதே அதக் கேக்கத்தான். விழுந்து வெடிக்குமா, வெடிக்காதான்னு.

— எங்க வீட்டுக்காரரு ஒங்ககூடப் பட்டாளத்துல இருந்தவரு. நேத்துலருந்து ஆஸ்பத்திரிப் பொணவறையில கெடக்காரு. தானாச் சுட்டுக்கிட்டாருன்னு போலீஸ் பேப்பர் வந்தா, கல்லறைத் தோட்டத்துக்குள்ள எடம் இல்லன்னுட்டாரு பங்குச் சாமியார். சுவருக்கு வெளிய, உடமரத்துப் பக்கம் வைக்கணுமாம்.

— ரோச்சுக்கு அந்தக் கதி வரணும்னா நான் நெனைப்பேன்? வேற துப்பாக்கின்னா யோசிக்காம எழுதிருவேன் பாத்துக்கோ. இது வேற ரகம்.

— என்ன ரகம். எல்லாம் ஆளக் கொல்லுததுதான.

— ஆஸ்திரியாக்காரன் குதிரைப்படைக்குச் செஞ்சது. ரோத்-ஸ்டையர்னு பேரு. தொள்ளாயிரத்தி ஏழு மாடல். சுட்டதும் தானா அடுத்த குண்டு ஏறுத கைத்துப்பாக்கிய மொதமொதல்ல ஒரு பெரிய நாட்டுப் பட்டாளம் எடுத்துக்கிட்டதே இதுதான். இத யோசிச்சுச் செஞ்சவன் கிர்ன்கா. அவன் பேரு இன்னைக்கு எவனுக்குத் தெரியும்? ஜெர்மன்காரனும் அமெரிக்காக்காரனும் பேரெடுத்துட்டுப் போய்ட்டான்.

— மாதாவே. எனக்கு எதுக்கு அண்ணாச்சி இந்தக் கதையெல்லாம்.

— கதையில்ல தங்கச்சி, கேளு. குதிர மெரண்டு துள்ளும். ஒரு கையில கடிவாளம், ஒரு கையில இது. கை ஒதறுனா வெடிச்சிரக் கூடாதுல்லா? அதனால உள்ள குண்டக் குத்துத ஊசிய பாதி இழுத்த நெலையிலதான் நிக்க வச்சிருக்கான். மீதிய இழுக்கது சுடுதவன் வெரலு. கீழ போட்டா அந்தப் பாதி வேகத்துக்குக் குண்டு வெடிக்காது.

— பழசாச்சே. உள்ள எதுவும் தேஞ்சிருக்காதா?

— கழத்திப் பாத்துட்டேன். ஒண்ணும் தேயல. இத்தாலிச் சண்டையில இது கையில கெடைச்ச அன்னைக்கே, வெடிமருந்த எடுத்துட்ட குண்டப் போட்டு, பத்துத் தடவ பாறை மேல போட்டுப் பாத்தோம். ரோச்சும் நானும். ஒரு தடவகூட ஊசி ஆழமாக் குத்தல.

— எவன்ட்டருந்து எடுத்தாரோ இந்தச் சனியன.

— கைதியா வந்த ஒரு இத்தாலிக்காரன்ட்ட. ரோச்சு அத சட்டைக்குள்ள சுத்தி ஊர் வரைக்கும் கொண்டு வந்துட்டான். வேண்டாம்லேன்னு நான் சொல்லியிருக்கணும்.

— குடிச்சா அதத்தான் தூக்குவாரு. ஹார்பர்ல வேலை போனதுலருந்து தெனமும். ஒங்களுக்குத் தெரியாது.

— தெரியும். ரெண்டு தடவ கேட்டேன். சண்டைக்கு வந்தான். நானும் விட்டுட்டேன். ஒம்மக ஹில்டா எப்படி இருக்கா?

— நேத்துலருந்து வாயே தொறக்கல. பச்சத்தண்ணி எறங்கல.

— பிள்ளைக்குக் கஞ்சியாவது காச்சிக் குடு தங்கச்சி.

— எழுத மாட்டியன்னா சொல்லிருங்க அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

— இரு. இத்தாலியில சாங்ரோ ஆத்தங்கரையில எனக்குத் தொடையில குண்டு பாஞ்சப்ப, மூணு மைல் என்னயத் தோள்ல போட்டுச் சுமந்தான் ரோச்சு. சகதிக்குள்ள. எறக்கி விடுலேன்னு கெஞ்சுனேன், விடல. அவனப் போயி உடமரத்துக்குக் கீழ போடச் சொல்லுதேனே நான்.

— அண்ணாச்சி...

— எழுதுதேன். பழைய துப்பாக்கி, ஸ்பிரிங் கெட்டுப் போச்சு, விழுந்ததுல வெடிச்சிருக்குன்னு எழுதுதேன். இதுக்குள்ள என்ன இருக்குன்னு இன்ஸ்பெக்டருக்குத் தெரியவா போகுது. முப்பது வருசத் தொழில்ல நான் எழுதுத மொதப் பொய் இது. கர்த்தர் மன்னிக்கட்டும். அவன் உள்ளேயே படுக்கட்டும்.

— ஒண்ணு கேக்கட்டா?

— கேளு.

— அந்த விசைய பாதி இழுத்துட்டு விட்டுட்டா என்ன ஆவும்?

— ஒண்ணும் ஆவாது. ஊசி பழைய எடத்துக்கே போயிரும். நீளமான இழுப்புல்லா. வேண்டாம்னு நெனைச்சா கடைசி நொடியிலகூட வெரல எடுத்துரலாம். ஏன் கேக்குத?

— நேத்து மத்தியானம் அத ஹில்டா நெத்தியில வச்சாரு. அவ கத்தோலிக்கன் இல்லாத ஒங்க நாசரேத்துப் பக்கத்துப் பையனத்தான் கெட்டுவேன்னு சொன்னதுக்கு. நான் கையத் தட்டிப் புடுங்கிட்டேன். அவரு சுவத்துல சாஞ்சு நின்னு சிரிச்சாரு. சுட ஒனக்கு ஏலாதுளான்னாரு.

— ஆக்னஸ்.

— அந்தப் பொய்ய எழுதாதிய அண்ணாச்சி. கடைசி வரைக்கும் இழுத்தது நான்தான்.